கடைசி செமஸ்டர் எம்.ஏ. மாணவன்: போஸ்டிங்கில் கற்றதும், லாக் புக்கில் இல்லாததும்

சிப்புட்காரன்

வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் எனக்குச் சொந்த ஊர். தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் மெடிக்கல் அசிஸ்டண்ட் டிப்ளோமாவில் மூன்றாம் ஆண்டு, கடைசி செமஸ்டர். அரசாங்கத் தாளில் பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான் என்று இருந்தாலும் தோட்டத்தில் எல்லோருக்கும் எம்.ஏ.தான், நானும் அப்படியே எழுதுகிறேன். கிளினிக்கல் போஸ்டிங், அதாவது ஆஸ்பத்திரியிலும் கிளினிக்கிலும் நேரடிப் பயிற்சி, முடியும் தறுவாயில் இருக்கிறது. அப்புறம் இறுதித் தேர்வு, வாரியத்தில் பதிவு, வேலைக்குக் காத்திருப்பு.

இந்தப் படிப்புக்கு வர நினைக்கும் பிள்ளைகள் இங்கே அடிக்கடி கேட்பது, ஊசி போடுவதும் தையல் போடுவதும் கஷ்டமா என்று. கை பழகினால் வந்துவிடும், பயப்பட வேண்டாம். நரம்பு பிடித்து டிரிப் ஏற்றுவது, காயம் தைப்பது, மாவுக்கட்டு, சிறுநீர்க் குழாய், ஈ.சி.ஜி. என்று எல்லாவற்றுக்கும் லாக் புக்கில், அதாவது பயிற்சிப் பதிவேட்டில், கட்டம் உண்டு. செய்து காட்டினால் சி.ஐ. (கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர், பயிற்சி ஆசிரியர்) கையெழுத்துப் போடுவார். எனக்கு இந்த மூன்று வருடத்தில் பெரிதாகத் தெரிவது, கட்டமே இல்லாத ஒரு விஷயம். எதிரில் உட்கார்ந்திருப்பவரை நானே மருந்து கொடுத்து அனுப்பலாமா? தூங்கும் டாக்டரை எழுப்ப வேண்டுமா? ஆம்புலன்ஸில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கே ஏற்ற வேண்டுமா? ஒவ்வொரு நோயாளியிடமும் இந்த மூன்றில் ஒன்றை எம்.ஏ. முடிவு செய்தாக வேண்டும். இந்த வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

பேராக்கில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் அவசரப் பிரிவு போஸ்டிங்கில் பார்த்ததைச் சொல்கிறேன். விடியற்காலையில் 50 வயது தாண்டிய ஓர் அம்மா மகனோடு வந்தார். "நெஞ்சுல காத்து அடைச்சுக்கிச்சு தம்பி, காத்து மருந்து குடுத்தா போயிடுவேன்" என்றார். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார். வீட்டிலேயே ஏதோ உப்பு கரைத்துக் குடித்துப் பார்த்திருக்கிறார். நெற்றி முழுக்க வியர்வை, ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. பணியில் இருந்த மூத்த எம்.ஏ. கேட்டது ஒரே கேள்வி: "இனிப்பு நீர் எத்தனை வருஷமாம்மா?" பத்து வருடத்துக்கு மேல் என்றார். உடனே படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுத்தார். இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு.

இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, பல வருடம் இருந்தால் நரம்பு மரத்துப்போய், மாரடைப்பிலும் வலி தெரியாமல் போகலாம். இதை நான் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அவர் அதோடு நிற்கவும் இல்லை. லீடுகளை நெஞ்சின் வலப்பக்கம் மாற்றி ஒட்டி இன்னொரு ஈ.சி.ஜி. எடுத்தார். வலது கீழறையும் அடிபட்டிருந்தால், நாக்குக்கு அடியில் வைக்கும் ஜி.டி.என். கொடுத்ததும் அழுத்தம் சட்டென்று சரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த மாத்திரையைத் தொடக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே செய்தார். ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்தார், டாக்டரை எழுப்பினார், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு எல்லாம் எடுத்து வைத்தார். அந்த அம்மா ஈப்போ போய், சிகிச்சை முடிந்து, நடந்து வீடு திரும்பினார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

இன்னொன்று, தொழில் என்ன என்று கேட்பது. தோட்டத்து ஆளிடம் அப்படிக் கேட்டால் "தோட்ட வேலை" என்பார், நாமும் அப்படியே எழுதிவிடுவோம். இன்றைக்கு என்ன வேலை செய்தீர்கள், நேற்று என்ன வேலை என்று கேட்க வேண்டும். குலை வெட்டுகிறவருக்கு முள் குத்தும், கண்ணில் தூசி விழும். மருந்தடிக்கிறவருடைய கதை வேறு. கூட்டுப்புழு விழுந்த மரத்தில் தண்டைத் துளைத்துப் பூச்சிமருந்து செலுத்துகிறவர் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வந்தால் முதலில் கண்மணியைப் பாருங்கள். ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சிலும் வியர்வையுமாக இருந்தால் ஆர்கனோபாஸ்பேட் விஷம் என்று சந்தேகப்பட வேண்டும். சட்டையைக் கழற்றி உடம்பைக் கழுவ வேண்டும், அதை முறிக்கும் அட்ரோபின் மருந்து வேண்டும், டாக்டர் வேண்டும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, பீளை இல்லாமல் சிவந்த கண் என்று வருகிறவர் எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நின்றிருக்கலாம். செம்பனைக் காட்டில் எலி அதிகம், அதைப் பிடிக்கத்தான் ஆந்தைப் பெட்டிகள் வைக்கிறார்கள். டெங்கியை மட்டும் மனதில் வைத்துப் பார்த்தால் எலிக்காய்ச்சல் நழுவிப்போகும்.

பெரியவர்களிடம் கேட்கிறேன். எதை நாமே பார்ப்பது, எதை மேலே அனுப்புவது என்ற நிதானம் உங்களுக்கு எப்படி வந்தது? அனுபவத்தில் வரும் என்று சொல்லாதீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த அனுபவம் வருவதற்குள் வருகிற நோயாளிகளுக்கு என்ன பதில்?

பழைய எச்.ஏ.

தம்பி, முழுதும் படித்தேன். நான் 1970களில் தோட்ட எச்.ஏ.வாக (ஹாஸ்பிட்டல் அசிஸ்டண்ட்) வேலைக்குச் சேர்ந்தவன். 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி தோட்ட மருத்துவ உதவியாளராகப் பதிவு செய்தவன். அதனால் உரிமையோடு கொஞ்சம் மாறுபடுகிறேன்.

அனுப்புவதா வேண்டாமா என்பதே வேலையின் உயிர் என்கிறாய். எங்களுக்கு அனுப்ப வழியே இல்லாத இரவுகள் இருந்தன. மழை பிடித்துச் செம்மண் சாலை அறுத்துக்கொண்டால் துரையின் ஜீப்பும் போகாது. விசிட்டிங் டாக்டர் வருகிற நாளில்தான் வருவார். பிரசவமோ, வலிப்பு வந்த குழந்தையோ, அரிவாள் பட்ட காலோ, கையில் இருப்பதை வைத்து விடியும் வரை காப்பாற்ற வேண்டும். இன்றைக்கு ஈப்போ நெடுஞ்சாலையில் அரை மணி நேரம். நல்லதுதான். ஆனால் கடிதம் எழுதிப் பழகிய கை, நோயாளியைத் தொட மறந்துவிடுகிறது. வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் "வயிற்று வலி, மேல் சிகிச்சைக்கு" என்று எழுதிய கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் உன் கைக்குள் இருக்கிற எல்லாவற்றையும் செய். அதற்கு மேல் போனால் அனுப்பு.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். உங்கள் போஸ்டிங் பெரும்பாலும் கட்டடத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. எங்கள் வேலையில் பாதி வெளியே. காலையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி வருவோம். கால்வாய் அடைத்திருக்கிறதா, கக்கூஸ் சுத்தமா, ஆயாக்கொட்டகையில் பிள்ளைகள் எடை ஏறுகிறதா என்று பார்ப்போம். 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடியவைத்து மலேரியாவைக் குறைத்தார். அங்கே உயிர்களைக் காத்தது மண்வெட்டி. எங்களுக்கு முந்திய டிரஸ்ஸர்மார்கள், அதாவது அந்தக் கால மருத்துவ உதவியாளர்கள், காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் நின்று மலேரியாவுக்குக் கொய்னா கொடுத்தார்கள், விழுங்குகிறவரை வாயைப் பார்த்தபடி நிற்பார்கள். வெளியே சுற்றி வந்தவனுக்கு, யார் வீட்டில் எப்போது என்ன வரும் என்று தெரிந்திருக்கும்.

நீ பூச்சிமருந்து பற்றி எழுதியதால் ஒன்று. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை. அதற்கு முன் எத்தனை பேரை அது கொண்டுபோனது என்று எங்களைக் கேட்க வேண்டும். குடித்தவனுக்கு முதல் நாள் வாயும் தொண்டையும் புண்ணாகும், ஆனால் எழுந்து உட்கார்ந்து பேசுவான், பிழைத்துவிட்டேன் என்று நினைப்பான். நுரையீரல் மெல்ல மெல்ல இறுகும். மாற்று மருந்து கிடையாது. மூச்சு வாங்குகிறதே என்று ஆக்சிஜனை அவசரப்பட்டுக் கொடுத்தால் நுரையீரல் இன்னும் வேகமாகக் கெடும். தடை வந்துவிட்டது என்று அந்தப் பாடத்தைத் தள்ளிவிடாதே. எந்தக் கொட்டகை மூலையில் பழைய போத்தல் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

வார்டுஅக்கா

ஈப்போவில் அவசரப் பிரிவில் நர்ஸ். இரண்டு பேரும் அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்றே பேசுகிறீர்கள். அனுப்பப்பட்டவரை வாங்கிக்கொள்ளும் இடத்திலிருந்து நான் பேசுகிறேன்.

எங்களுக்கு அதிகமாக அனுப்புகிறார்கள் என்ற குறை இல்லை. என்ன செய்து அனுப்பினீர்கள் என்பது தெரியாமல் வருவதுதான் குறை. டெங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். "காய்ச்சல், பிளேட்லெட் குறைவு" என்று ஒரு வரி. இதை வைத்து நான் என்ன செய்வேன்? காய்ச்சல் எத்தனையாவது நாள், எப்போது விட்டது, ஹெமட்டோகிரிட் காலையில் எவ்வளவு இப்போது எவ்வளவு, எத்தனை மில்லி தண்ணீர் ஏற்றினீர்கள், கடைசியாக எப்போது சிறுநீர் போனார், வயிறு வலிக்கிறதா, விடாமல் வாந்தியா, ஈறில் ரத்தமா? இவ்வளவும் வேண்டும். பிளேட்லெட்டைப் பார்த்துத்தான் குடும்பமே பதறும். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாவதுதான் ஆளைச் சாய்க்கிறது. அதைக் காட்டிக்கொடுப்பது ஹெமட்டோகிரிட். காய்ச்சல் விட்டதும் "சரியாகிவிட்டது" என்று வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்களே, ஆபத்து தொடங்குவதே பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

தம்பி, போன் எடுத்து நான்கு விஷயத்தை வரிசையாகச் சொல்லப் பழகுங்கள். இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள். மூன்றாவதைத்தான் எம்.ஏ.க்கள் சொல்லத் தயங்குகிறார்கள். "நான் டாக்டர் இல்லையே, நான் எப்படிச் சொல்வது" என்று விட்டுவிடுகிறார்கள். சொல்லுங்கள். நோயாளியைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள்தான், நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

பழைய எச்.ஏ. ஐயா, வயிற்றைத் தொடாத கடிதம் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை.

அப்பாவின்மகள்

நான் மருத்துவத் துறை இல்லை. இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா 30 வருடம் தோட்டத்தில் வேலை செய்தவர். இனிப்பு நீர், ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. ஒரு கிளினிக்கில் தவறாமல் தேதிக்குப் போவார். அழுத்தம் பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், மருந்துப் பையைக் கொடுத்து அடுத்த தேதி எழுதுவார்கள். வேலையை விட்ட பிறகும் காட்டோரம் கீரை பிடுங்கப் போவார், காலில் சிலிப்பர். செம்பனை மட்டை முள் உள்ளங்காலில் ஏறி உள்ளேயே ஒடிந்திருக்கிறது. அவருக்கு உணர்வே இல்லை. மெத்தையில் கறை பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார். முதலில் ஒரு விரல், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அத்தனை வருடத்தில், "செருப்பைக் கழற்றுங்க ஐயா, காலைப் பார்க்கலாம்" என்று ஒருவர்கூட சொன்னதில்லை என்று அப்பா இன்றும் சொல்வார். கோபமாகச் சொல்வதில்லை, அது எனக்கு இன்னும் வலிக்கிறது. உங்கள் மூன்று வருடப் படிப்பில் காலைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்களா?

சிப்புட்காரன்

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சொல்லிக் கொடுக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது இனிப்பு நீர்க்காரரின் இரண்டு காலையும் முழுதாகப் பார்க்க வேண்டும் என்பது பாடம். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, காய்ப்பு, தோலின் நிறம், பாதத்தில் நாடித்துடிப்பு. அப்புறம் 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற ஒரு நைலான் இழை. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, அது வளைகிற அளவுக்கு உள்ளங்காலில் சில இடங்களில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்போம். தெரியவில்லை என்றால் அந்தக் காலுக்குக் காவல் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு தினமும் கண்ணால் பார்ப்பது ஒன்றுதான் காவல்.

ஆனால் பாடத்தில் இருப்பதும் காலை 10 மணிக்கு கிளினிக்கில் நடப்பதும் ஒன்றல்ல, அதை மறைக்க விரும்பவில்லை. வெளியே பெஞ்சு நிறைய ஆள். ஷூவைக் கழற்றி, சாக்ஸைக் கழற்றி, மறுபடி மாட்டி முடிக்கும் நேரத்தில் இன்னும் இரண்டு பேரைப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். ஹெல்த் கிளினிக் போஸ்டிங்கில் என் சி.ஐ. இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். எண் சீட்டு கொடுக்கும்போதே இனிப்பு நீர்க்காரர்களைத் தனி வரிசையில் உட்கார வைத்து, செருப்பைக் கழற்றிவிடச் சொல்வார். மாணவர்கள் நாங்கள் அந்த வரிசையில் குந்திக்கொண்டே காலைப் பார்த்து அட்டையில் குறித்துவிடுவோம். டாக்டர் அறைக்குள் போகும்போது வேலை முடிந்திருக்கும். செலவு எதுவும் இல்லை.

2019இல் எடுத்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். நம் இந்தியர்களிடையே அது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. நம் ஊர் லயத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒருவர் இருப்பார்.

செம்பனைமண்டோர்

நீங்கள் எல்லோரும் கிளினிக்குக்கு வந்துவிட்ட ஆளைப் பற்றிப் பேசுகிறீர்கள். வராத ஆளைப் பற்றி நான் சொல்கிறேன்.

நான் தோட்டத்தில் மண்டோர், வேலையை மேற்பார்ப்பவன். என்னிடம் இருப்பவர்களில் நம் ஆள் சிலர், மற்றவர்கள் இந்தோனேசியா, வங்காளதேசம். குலை வெட்டுகிறவனுக்குக் குலை எண்ணிக்கையில் கூலி. கிளினிக்குக்குப் போனால் அன்றைய காசு போச்சு. குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), வெளிநாட்டுக்காரனுக்கு அப்படியில்லை, பல மடங்கு. பெர்மிட் சிக்கல் உள்ளவன் சீருடை போட்ட யாரைப் பார்த்தாலும் ஒதுங்குவான். அதனால் காய்ச்சலோ காயமோ, நான்கைந்து நாள் தாங்கிவிட்டுத்தான் வருவான். அப்படி வருகிறவனை "எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கேட்டு வந்திருக்கான்" என்று பார்க்காதீர்கள் தம்பி. தோட்டத்து ஆள் தானாகக் கிளினிக்குக்கு வந்தால், அவனால் இனி முடியவில்லை என்று அர்த்தம்.

ஒரு சந்தேகம். போன மழைக்காலத்தில் ஒருவனைப் பாம்பு கடித்தது. சருகுக்குள் அசையாமல் கிடந்திருக்கிறது, மிதித்துவிட்டான். கூட இருந்தவர்கள் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார்கள். நான் அவிழ்க்கச் சொன்னேன், சண்டைக்கு வந்தார்கள். யார் சரி?

சிப்புட்காரன்

அண்ணே, இறுக்கிக் கட்டக் கூடாது என்பதில் நீங்கள்தான் சரி. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலே போய்விடலாம். கீறி ரத்தம் எடுப்பதும் வாய் வைத்து உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், காலை அசையாதபடி மட்டையோ கட்டையோ வைத்து அணைத்துக் கட்டி, மோதிரம், கொலுசு இருந்தால் கழற்றிவிட்டு, உடனே கொண்டுவர வேண்டும். ஏற்கனவே கட்டிவிட்டிருந்தால், ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அதை நாங்கள் பார்த்து அவிழ்ப்போம். பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டாம், தூரத்திலிருந்து போனில் படம் எடுக்க முடிந்தால் போதும்.

சருகுக்குள் அசையாமல் கிடந்தது என்பதால் மலாய்க்காரர்கள் ஊலார் காப்பாக் போடோ என்று சொல்லும் குழிவிரியனாக இருக்கலாம். ஆள் வந்தாலும் நகராது. தீபகற்பத்தின் வடக்குப் பக்கம் அதிகம். அதன் விஷம் ரத்தம் உறையும் சக்தியைத் தின்றுவிடும். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த சோதனை மிக எளிது. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் 20 நிமிடம் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்போம். தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் முடிவு தப்பாக வரும். கடித்த எல்லோருக்கும் விஷமுறிவு மருந்து கிடையாது. விஷம் ஏறிய அறிகுறி இருந்தால்தான், அந்த வகைப் பாம்புக்கு உரியதைத்தான் கொடுப்பார்கள். அதனால்தான் அறிகுறி இல்லை என்றாலும் வார்டில் வைத்து மணிக்கணக்கில் பார்க்கிறோம். உங்கள் ஆள்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். "ஊசியே போடவில்லை, சும்மா படுக்க வைத்தார்கள்" என்று பலர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

தூரத்துச்சிப்புட்

நானும் சிப்புட் பிள்ளைதான். அமெரிக்காவில் பிசிஷியன் அசிஸ்டண்ட் படிப்பில் கடைசி ரொட்டேஷன். இங்கே இது முதுகலைப் படிப்பு, சுமார் 27 மாதம். முதல் வருடம் வகுப்பு, அப்புறம் முழுக்க ரொட்டேஷன். குடும்ப மருத்துவம், அவசரப் பிரிவு, அறுவை, குழந்தைகள், பெண்கள் நலம், மனநலம் என்று சில வாரங்களுக்கு ஒரு முறை புது இடம், புது டாக்டர். முடித்ததும் 300 கேள்விகளோடு ஒரு தேசியத் தேர்வு. 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் இதைத் தொடங்கியபோது, முதலில் சேர்த்துக்கொண்டது கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்தவர்களை. டாக்டர் இல்லாத இடத்தில் கைவேலை பழகியவர்கள். நம் டிரஸ்ஸர்மார்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

சிப்புட்காரன் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். அனுப்பியதோடு விடக் கூடாது. நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். பெயர் எழுத மாட்டேன். வயது, என்ன சொன்னார், நான் என்ன நினைத்தேன், எங்கே அனுப்பினேன் என்று மட்டும். அடுத்த வாரம் டாக்டரிடம் அவர் என்ன ஆனார் என்று கேட்டுப் பக்கத்தில் எழுதுவேன். வீட்டுக்கு அனுப்பியவர்களையும் அப்படியே கேட்பேன். நம் கணிப்பு எங்கே வலுவாக இருக்கிறது, எங்கே தளர்கிறது என்பது சில மாதத்தில் தெரிந்துவிடுகிறது. அனுபவம் தானாக வராது, முடிவைத் தேடிப் போய்த் தெரிந்துகொண்டால்தான் வரும்.

பழைய எச்.ஏ.

அம்மா, நீ சொன்னது சரி. எங்களுக்கு நோட்டு தேவைப்படவில்லை, நோயாளி அதே லயத்தில் இருந்தார். மறுநாள் பிரட்டில் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. நோட்டு நல்ல யோசனை.

தம்பி, நீ பெரும்பாலும் சொந்த ஊருக்குத்தான் வேலைக்கு வர ஆசைப்படுவாய். ஒன்று சொல்லி வைக்கிறேன். ஊர்க்காரனாக இருப்பதில் பலமும் உண்டு, மறைப்பும் உண்டு. உன் அப்பாவைத் தெரிந்தவன் உன்னிடம் குடியைப் பற்றி உண்மை சொல்ல மாட்டான். "குடிப்பீர்களா" என்று கேட்டால் இல்லை என்பான். கடைசியாக எப்போது குடித்தீர்கள், எங்கே வாங்கியது, கூடக் குடித்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று சாதாரணமாகக் கேள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். மெத்தனால் ஏறியவன் வாந்தி, தலைவலி என்று வருவான், போதை தெளியவில்லை என்று நினைப்போம். கண் மங்குகிறது என்று சொன்னாலோ மூச்சு ஆழமாக, வேகமாக இழுத்தாலோ ஒரு நிமிடமும் வைத்துக்கொள்ளாதே. அது டயாலிசிஸ் உள்ள இடத்துக்குப் போக வேண்டிய உடம்பு. அந்த மூன்றாவது கேள்வி, கூடக் குடித்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது, இன்னும் லயத்திலேயே படுத்துக்கிடக்கும் இரண்டு பேரையும் காப்பாற்றும்.

அனுப்புவது பற்றி முதலில் கொஞ்சம் கடுமையாகச் சொன்னேன். நர்ஸ் அம்மா எழுதிய பிறகு யோசித்தேன். செய்ய வேண்டியதைச் செய்து, எழுத வேண்டியதை எழுதி அனுப்புவதும் வைத்தியம்தான்.

முதல்செமஸ்டர்

அண்ணா, நான் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவன், இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன். மலாய் கொஞ்சம் தடுமாறும். வார்டில் சமாளிக்க முடியுமா? வேலை கிடைக்குமா?

சிப்புட்காரன்

தம்பி, மலாயில் எழுதவும் டாக்டரிடம் கேஸ் சொல்லவும் தெரிந்தே ஆக வேண்டும், தினமும் ஒரு கேஸைச் சத்தமாகச் சொல்லிப் பழகு, வந்துவிடும். உன் தமிழை வார்டில் ஒளித்து வைக்காதே. மலாயில் "சக்கிட்" (வலி) என்று ஒரே சொல்லில் நின்றுவிட்ட பாட்டி, தமிழில் கேட்டால் குத்துகிறதா, கடுக்கிறதா, எரிகிறதா, இழுக்கிறதா என்று பிரித்துச் சொல்வார். நோய் பாதி அதிலேயே தெரிந்துவிடும். லிந்தாங் பக்கம் தெமியார் பழங்குடி மக்களின் கிராமங்களுக்கு நடமாடும் குழுவோடு போனபோது நானும் இரண்டு மூன்று தெமியார் சொற்களைக் கற்றுக்கொண்டுதான் போனேன், முகம் மலர்ந்தார்கள். வேலை பற்றி உண்மையைச் சொல்வதானால் காத்திருப்பு உண்டு, ஒப்பந்த வேலையாகவும் இருக்கலாம். கடன் வாங்கிப் படிப்பதாக இருந்தால் வீட்டில் இதையும் சொல்லிவிட்டுப் படி.

தூரத்துச்சிப்புட் அக்கா, நோட்டு இன்றே தொடங்கிவிட்டேன். பழைய எச்.ஏ. ஐயா, குடி பற்றிய அந்த மூன்று கேள்விகளை எங்கள் செமஸ்டர் குழுவில் போட்டுவிட்டேன்.

அப்பாவின்மகள்

தம்பி, எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலை பூசைக்குப் பெரியவர்கள் நிறைய பேர் வருகிறார்கள். கோயிலுக்குள் எப்படியும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். அங்கே காலைப் பார்க்க முடியுமா? நிர்வாகத்திடம் நான் பேசுகிறேன்.

சிப்புட்காரன்

முடியும் அக்கா, ஆனால் நான் இன்னும் மாணவன். தனியாக வந்து செய்யக் கூடாது. பதிவு பெற்ற எம்.ஏ.வோ டாக்டரோ உடன் இருக்க வேண்டும். என் சி.ஐ.யிடம் நாளை கேட்கிறேன், மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் கடிதம் கொடுப்போம். கால் மரத்திருப்பது தெரிந்தால் அவரைச் சும்மா அனுப்பக் கூடாது, எந்த கிளினிக், எந்தத் தேதி என்று கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். அந்தச் சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வார்டுஅக்கா சொன்னால் நன்றாக இருக்கும்.

வார்டுஅக்கா

எழுதித் தருகிறேன். எந்தக் கால், எந்த இடத்தில் உணர்வு இல்லை, புண் இருக்கிறதா, பாதத்தில் நாடி தெரிகிறதா, சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி கடைசியாக எவ்வளவு, புகைப்பாரா, வீட்டில் காலைப் பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மண்டோர் அண்ணே, ஞாயிறு உங்கள் ஆள்களுக்கு ஓய்வுதானே, நம் ஆள், வெளியாள் என்று பார்க்காமல் எல்லோரையும் கூட்டி வாருங்கள். எனக்கு அந்த வாரம் இரவு ஷிப்ட், முடிந்ததும் நேரே வந்துவிடுகிறேன்.